தம்பி வருஷம்

ஒரு வருஷத்தின் விலை என்ன என்று சித்தூர் மண்டியில் போய்க் கேட்டால், வாயில் இருக்கிற வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரிப்பார்கள். வெல்லத்துக்கு விலை உண்டு, புளிக்கு உண்டு, வண்டு விழுந்த புளிக்கும் அரை விலை உண்டு. வருஷத்துக்கு ஏது விலை? ஆனால் குடிபாலாவுக்குத் தெற்கே, வேலூர் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் காலனியில், 1995 உகாதியன்று தணிகாசலம் தனக்கு இனி வரப்போகிற வருஷங்கள் அத்தனையையும் மொத்தமாக நாலாயிரம் ரூபாய்க்குத் தன் அண்ணன் பச்சையப்பனுக்கு விற்றான். பேரம்கூட நடக்கவில்லை. பேரம் இல்லாமல் முடிகிற வியாபாரத்தில் இருவரில் ஒருவர் ஏமாந்திருக்கிறார் என்பது கடைத்தெருவில் வளர்ந்த குழந்தைக்கும் தெரியும். அந்த ஒருவர் யார் என்று தெரிய மட்டும் ஐந்து வருஷம் ஆயிற்று.

அவர்களுடைய அப்பா கங்கையாவின் காலம் வரை அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த மண், நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த மண்தான். பண்ணைக்காரர் நிலத்தில் உழவு, விதைப்பு, களை, அறுப்பு என்று எல்லா வேலையும் அவர்கள் கைக்கு அத்துப்படி. எதற்குப் பின்னால் எதைப் போடுவது என்பது மட்டும் அவர்கள் வேலையாக இருந்ததில்லை. அதைப் பண்ணைக்காரர் சொல்வார், இவர்கள் செய்வார்கள். 1977இல் சர்க்கார் மேட்டுப் புறம்போக்கை அளந்து நிலமில்லாதவர்களுக்குப் பட்டா கொடுத்தபோது கங்கையாவுக்கு ஒன்றேகால் ஏக்கர் வந்தது. செம்மண், வானம் பார்த்த பூமி, விற்கக் கூடாத பட்டா. ஏழு வருஷம் உழுதுவிட்டு அவர் கண்ணை மூடியபோது பிள்ளைகள் இருவரும் வரப்பில் நின்று யோசித்தார்கள். நடுவில் வெட்டினால் ஏர் திரும்ப இடம் இருக்காது. அதனால் மண்ணை வெட்டாமல் காலத்தை வெட்டினார்கள். ஒரு வருஷம் தம்பிக்கு, அடுத்த வருஷம் அண்ணனுக்கு. உகாதிக்கு உகாதி கைமாறும்.

கைமாறுவதற்கு ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். வருஷம் முடிந்தவன் தன் விளைச்சலில் ஒரு படி அளந்து, வரப்பில் நின்று, வருஷம் தொடங்குகிறவன் துண்டில் போடுவான். மாத்துப்படி என்று அதற்குப் பெயர். பத்திரம், சாட்சி, முத்திரைத்தாள் எல்லாம் அந்த ஒரு படிதான். பச்சையப்பனுக்கு நாலு குழந்தைகள், புருஷன் பெண்டாட்டியோடு ஆறு வயிறு. அவன் கேழ்வரகு போட்டான். அந்தப் பக்கத்துப் பேச்சில் கேவுரு. தணிகாசலத்துக்கும் ருக்மணிக்கும் குழந்தை இல்லை. சித்தூர் எண்ணெய் மில்லில் ரொக்கம் பார்க்கலாம் என்று அவன் வேர்க்கடலை போட்டான். அதே பேச்சில் அது கல்லக்கா. ஆகவே அண்ணன் துண்டில் கடலை விழும், தம்பி துண்டில் கேழ்வரகு விழும். உகாதி மதியம் இரண்டு வீட்டிலும் களியும் கல்லக்கா சட்னியும்தான் சாப்பாடு.

வீடு என்றாலும் அது ஒரே வீட்டின் இரண்டு பாதிதான். சர்க்கார் கட்டிக் கொடுத்த காலனி வீடுகள், இரண்டிரண்டாக முதுகு ஒட்டி நிற்கும், நடுச்சுவர் ஒன்று. அறுப்பு முடிந்ததும் பச்சையப்பன் சுவரின் தன் பக்கத்தில் மூட்டைக்கு ஒரு கோடாகக் காவியால் இழுப்பான். தம்பி வருஷம் வந்தால் ஒரு சாண் இடம் வெறுமையாக விட்டுவிடுவான். அந்தக் கோடுகள் சுவரின் மறுபக்கத்தில் தணிகாசலத்தின் பாடு.

பச்சையப்பனின் கோடுகளைப் பார்க்க ஆள் வரும். எண்பத்தாறில் பன்னிரண்டு. எண்பத்தெட்டில் பதினொன்று. தொண்ணூறில் பதின்மூன்று. மானாவாரியில், ஒன்றேகால் ஏக்கரில் பதின்மூன்று மூட்டை கேழ்வரகு என்றால் ஊரார் முதலில் மூட்டையை எடை போட்டுப் பார்த்தார்கள், பிறகு கையைப் பார்த்தார்கள். கைராசி என்று முடிவாயிற்று. சித்தூர் மண்டிக்காரர் தெலுங்கில் "மஞ்சி செய்யி" என்று சொல்லி அந்தக் கையைப் பிடித்துத் தன் கல்லாப்பெட்டி மேல் ஒரு தடவை வைத்துக்கொண்டார். நல்ல கைக்கு நல்ல விலை கொடுத்தாரா என்றால் அது இல்லை. பக்கத்து நிலத்துச் சின்னசாமி ஆடியில் விதைப்பு தொடங்கும்போது பச்சையப்பனைத்தான் கூப்பிடுவான். பச்சையப்பன் கிழக்கே பார்த்து நின்று முதல் பிடி விதையை விடுவான். சின்னசாமியைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் கூப்பிட்டார்கள். பிறந்ததிலிருந்து கூலிக்கு நீண்ட கை அது. இப்போது அதை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். அந்த மயக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தணிகாசலத்தின் பக்கம் ஆறு, ஐந்து, ஐந்து, ஏழு, ஐந்து என்று போயிற்று. ஒரு வருஷம் கம்பளிப்பூச்சி, ஒரு வருஷம் காய் பிடிக்கும் நேரத்தில் மழை இல்லை. எல்லாம் தப்பித்து மில்லுக்குப் போனால் வெளிநாட்டு எண்ணெய் வரப்போகிறது என்று சொல்லி விலையைக் குறைத்தார்கள். எண்ணெய் இன்னும் கப்பலே ஏறவில்லை, விலை இறங்கிவிட்டது.

பச்சையப்பனுக்குத் தொண்ணூற்றிரண்டில் பதினொன்று, தொண்ணூற்று நாலு கார்த்திகையில் மறுபடி பன்னிரண்டு. கேழ்வரகுக் கதிரை வேலூர் ரோட்டில் பரப்பி வைத்திருந்தார்கள். லாரிக்காரர்கள் இனாமாகப் போரடித்துக் கொடுப்பார்கள், கூடவே திட்டும் இனாம். பச்சையப்பன் பெண்டாட்டி கமலம்மாவும் ருக்மணியும் முறத்தில் தூற்றினார்கள். தணிகாசலம் சாக்கின் வாயை விரித்துப் பிடித்திருந்தான். அண்ணன் வருஷத்தில் தம்பி வேலை செய்வதும், தம்பி வருஷத்தில் அண்ணன் வேலை செய்வதும் கேள்வியே இல்லாத வழக்கம். பன்னிரண்டாவது மூட்டை நிரம்பிக்கொண்டிருந்தபோது சின்னசாமி, அதே மண்ணில் தம்பிக்கு மட்டும் ஏன் இப்படி என்று கேட்டு வைத்தான். பச்சையப்பன் தலைப்பாகையை அவிழ்த்து உதறினான்.

"மண்ணு ஒண்ணுதான்ப்பா. கையி ரெண்டு. அவன் கையி வெச்சா புல்லு கூட மொளைக்காது. அது அவன் வாங்கினு வந்த வரம்."

சிரிப்புக்காகச் சொன்னான். சிரித்தார்கள். ருக்மணி முறத்தை ரோட்டோரம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். தணிகாசலம் சாக்கு வாயை விடவில்லை, மிச்சத்தைக் கொட்டும் வரை பிடித்துக்கொண்டு நின்றான்.

அடுத்த உகாதிக்கு அண்ணன் ஒரு படி கேழ்வரகோடு வரப்புக்குப் போனபோது தம்பி துண்டை விரிக்கவில்லை. திருப்பதியில் லாட்ஜ் லாட்ஜாகக் கட்டுகிறார்கள், ஜல்லி உடைக்கிற கல் மிஷினில் நாள் கூலி கொடுக்கிறார்கள், ரூமுக்கு அட்வான்ஸ் நாலாயிரம் வேண்டும் என்றான். அந்தப் படியையும் வைத்துக்கொள், இனிமேல் எல்லா வருஷமும் உன்னுடையது என்றான். பச்சையப்பன் கமலம்மா காதில் கிடந்த கம்மலையும் இரண்டு ஆட்டையும் விற்று மூன்றே நாளில் பணத்தைக் கையில் வைத்தான். மஞ்சி செய்யிக்கு இனி ஓய்வு வருஷமே கிடையாது. பத்து வருஷத்தில் ஐம்பத்தொன்பது மூட்டை எடுத்தவன், இனி ஐந்து வருஷத்திலேயே அதை எடுத்துவிடலாம் என்று சுவரைப் பார்த்துக் கணக்குப் போட்டான். கணக்கில் தப்பே இல்லை. தப்பு மண்ணில் இருந்தது.

அந்த ஆடியிலேயே கேழ்வரகு விதைத்தான். கேழ்வரகு அறுத்த தாளின் மேலேயே மறுபடி கேழ்வரகு. ஒன்பது மூட்டை. மழை பிந்திவிட்டது என்றான். அடுத்த வருஷம் ஏழு, விதை சரியில்லை என்றான். கமலம்மா ஒரு வருஷத்துக்காவது காராமணி தெளிக்கலாமே என்றாள். ஆறு பேர் களி தின்கிற வீட்டில் காராமணியை வைத்து என்ன செய்வது என்று வாயை அடைத்தான். மூன்றாம் வருஷம் உரக்கடையில் மற்ற உரமெல்லாம் விலை ஏறிவிட்டது, யூரியாதான் கட்டும் என்று சொன்னதைக் கேட்டு, மண்ணுக்கு உப்பு வைப்பதுபோல் அள்ளி இறைத்தான். பயிர் கருகருவென்று இடுப்புக்கு வந்தது. போகிற வருகிற பஸ்ஸிலிருந்தெல்லாம் பார்த்தார்கள். ஐப்பசிக் காற்றில் ஒரே நாளில் படுத்தது. ஆறு.

நாலாம் வருஷம் பயிருக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூ பூத்தது. கமலம்மாதான் முதலில் பார்த்தாள், மூக்குத்தி அளவுப் பூ, பார்க்க அழகு. பிடுங்கினால் கேழ்வரகின் வேரோடு வேராக ஒட்டிக்கொண்டு வந்தது. சுடுமல்லி. மண்ணுக்கு மேலே சிரித்துக்கொண்டு கீழே பயிரின் பாலைக் குடிக்கிற களை. அவள் முதுகு ஒடியப் பிடுங்கினாள். பிடுங்கின இடத்தில் வாரத்துக்குள் மறுபடி பூத்தது. தணிகாசலம் கடலை போட்ட காலத்தில் அதை அங்கொன்று இங்கொன்றாகத்தான் பார்த்திருந்தார்கள். நாலு மூட்டை.

தொண்ணூற்றொன்பது ஆடியில் சின்னசாமியின் அழைப்புக்காகப் பச்சையப்பன் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். வெயில் ஏறியது. எழுந்து ரோட்டுப் பக்கம் போனவன், சின்னசாமியின் நிலத்தில் பாதி விதைப்பு முடிந்திருப்பதைப் பார்த்தான். சின்னசாமி தலை நிமிர்ந்து பார்த்து, கூப்பிட ஆள் அனுப்பலாம் என்றுதான் இருந்தேன், மழை மேகம் திரண்டுவிட்டது என்றான். வானத்தில் மேகம் எதுவும் இல்லை. ஆமாம், மழை வரும்போலத்தான் இருக்கிறது என்று பச்சையப்பனும் சொல்லிவிட்டுத் திரும்பினான். வெளுத்த வேட்டியை அவிழ்த்து மடித்துப் பெட்டியில் வைத்தான்.

அந்த வருஷம் மூன்று மூட்டை. சுவரில் மூன்று கோடு இழுக்கக் காவி குழைப்பதற்கே கூச்சமாக இருந்தது. மூத்த பெண் தேவசேனாவை நகரியில் விசைத்தறி வேலைக்கு அனுப்பினார்கள். வீட்டில் களி உருண்டை சிறுத்துக்கொண்டே வந்தது. ஒரு மதியம் கமலம்மா அவன் தட்டில் களியை வைத்துவிட்டுத் தான் தண்ணீர் குடித்தாள். அவன் கையை நனைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"அவன் வயித்தெரிச்சல்மே இது," என்றான். "போம்போது மண்ண வாரித் தூத்திட்டுப் போய்க்கிறான்."

"தூத்தினத நீ பாத்தியா?"

"பாக்கணுமா? ஒம்போது, ஏழு, ஆறு, நாலு, மூணு. படிக்கட்டு எறங்கற மாதிரி எறங்குது. மழை தப்பினா ஒரு வருஷம் தப்பும். இது யாரோ கைய வுட்டு எண்ணிக்கினே எடுக்கிறாப்பல இருக்குது."

"அப்ப போய்க் கேளு. அஞ்சு வருஷமா போவாதவன் அதுக்காச்சும் போ," என்றாள் கமலம்மா. "கேக்கும்போது உன் வாயிலேருந்து அன்னிக்கி ரோட்டுல இன்னா வந்துதுன்னும் சேத்துக் கேளு."

தை பிறந்ததும் போனான். பையில் ஒரு தேங்காய், கற்பூரம், தம்பி வாங்காமல் விட்ட அந்த ஒரு படி கேழ்வரகு. அது உறியில் ஐந்து வருஷமாகத் துணியில் முடிந்தபடி தொங்கியது. கேழ்வரகுக்குப் பூச்சி இல்லை. சித்தூரில் பஸ் மாறி, திருப்பதியில் இறங்கி, ரேணிகுண்டா ரோட்டோரத்தில் ஓட்டு ரூம்களின் வரிசையைத் தேடிக் கண்டுபிடித்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. கற்பூரத்தின் மேல் கை வைத்து, எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று தம்பியைச் சத்தியம் பண்ணச் சொல்வது, பிறகு தேங்காயை உடைப்பது, அடுத்த பஸ்ஸில் திரும்புவது. அதுதான் திட்டம்.

ருக்மணி கதவைத் திறந்து, "வாங்க மாமா," என்றாள். உள்ளே நகர்ந்தாள். சுவரில் தலையணையைச் சாய்த்து ஒரு கிழவன் உட்கார்ந்திருந்தான். அந்தக் கிழவன் சிரித்த பிறகுதான் அது தணிகாசலம் என்று பச்சையப்பனுக்குத் தெரிந்தது. நாலு வருஷம் கல் மிஷினில் ஜல்லித் தூசிக்கு நடுவே நின்றிருக்கிறான். மூச்சு உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே வரும்போது வேறொரு சத்தம்.

திட்டத்தில் இது இல்லை. பச்சையப்பன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பிள்ளைகளைப் பற்றித் தம்பி ஒவ்வொரு பேராகக் கேட்டான். தேவசேனா விசைத்தறிக்குப் போவதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ருக்மணி தண்ணீர் கொடுத்தாள். வந்த காரியத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பச்சையப்பன் நேராகவே கேட்டுவிட்டான்.

"எம்மேல உனக்கு வயித்தெரிச்சல் இருக்குதாடா?"

"இருந்துச்சி."

"இப்ப?"

"இப்ப வயித்துல இன்னா இருக்குது, எரியறதுக்கு." சிரித்ததில் இருமல் வந்தது. அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "போன கார்த்திகைல எவ்ளோ வந்துச்சி? மூணா, நாலா?"

பச்சையப்பன் மடியிலிருந்த பையைக் கீழே வைத்தான். "யார் சொன்னது உனக்கு?"

"யாரும் சொல்லல. மொத வருஷம் ஒம்போது பத்து வந்திருக்கும். அப்பறம் கொறஞ்சினே வந்திருக்கும். இப்ப மூணு நாலுல வந்து நிக்கணும்."

"அப்ப நீதான் ஏதோ பண்ணி வெச்சிட்டு வந்துகிற."

"ஆமாண்ணா. ஒண்ணு பண்ணேன். கல்லக்கா போடறத நிறுத்தினேன்."

பச்சையப்பன் கிண்டல் என்று நினைத்தான். தணிகாசலம் கையைத் தூக்கி, இரு, மூச்சு வாங்கிக்கொள்கிறேன் என்று காட்டினான்.

"எம்பத்தொம்போதுல எனக்கு வெத பத்தல. மேக்கால வரப்பு ஓரமா நாலு சால் சும்மா வுட்டுட்டேன். ஞாபகம் கீதா?"

"இல்ல."

"அடுத்த வருஷம் உன் கேவுரு. பதிமூணு மூட்டை வந்துச்சே, அந்த வருஷம். நெலம் பூரா கழுத்து வளைய கதிரு. அந்த நாலு சால்ல மட்டும் மஞ்சளாக் கெடந்துது, முட்டி ஒசரம். களை எடுக்க வந்த பொம்பளைங்கள நீ திட்டினே, அந்த ஓரத்த மட்டும் ஏமாத்திட்டாளுங்கன்னு."

பச்சையப்பனுக்கு நினைவு வந்தது. திட்டியது மட்டுமில்லை, அன்றைக்கு அரைக் கூலி பிடித்திருந்தான்.

"அன்னிலேருந்து எனக்குத் தெரியும். கல்லக்கா செடிய புடுங்கினா வேர்ல கடுகு கடுகா முடிச்சு இருக்குமே, அதுவோ, கொட்டற எலையோ, எதுன்னு சொல்லத் தெரியாது. நா போட்டுட்டுப் போற எடத்துலதான் உனக்கு வெளையுது. அவ்ளோதான் தெரியும்."

"தெரிஞ்சும் ஒரு வார்த்த சொல்லல நீ."

"சொன்னா கேட்டிருப்பியா? ஊரு பூரா உன் கைய வாங்கிக் கண்ணுல ஒத்திக்கினு இருந்துச்சி. எனக்கும் பெருமைதான், எங்கண்ணன் கையின்னு. எனக்குக் கல்லக்காயில நஷ்டம் வந்தாலும், அடுத்த வருஷம் அந்தப் பக்கம் ஆறு வயிறு துன்னுதேன்னு இருந்துட்டேன். நடுச்சுவரு ஒண்ணுதான? களி கிண்டற சத்தம் கேக்கும் எனக்கு."

அடுப்புப் பக்கத்திலிருந்து ருக்மணி, இத்தனை நேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள், தலை தூக்காமலே பேசினாள்.

"புல்லு மொளைக்காதுன்னு நீங்க சொன்னது கல்லக்காய மட்டும்தான்னு இவுரு சொன்னாரு மாமா. நா நம்பல. புள்ள இல்லாத வூட்டப் பாத்து அப்படிச் சொன்னா யாரு நம்புவா? ஊர வுட்டுப் போலாம்னு நாந்தான் இட்டாந்தேன். இந்தத் தூசிக்கு நாந்தான் இட்டாந்தேன்."

"அவள வுடு," என்றான் தணிகாசலம். "நீ எம்மேல கேக்க வேண்டியது ஒண்ணு கீது. நாலாயிரம் வாங்கினனே, அன்னிக்கே எனக்குத் தெரியும், இவன் வாங்கறது பாதிகூட இல்லாத மண்ணுன்னு. சொல்லிட்டு வந்திருக்கலாம். ஒரு வருஷம் வுட்டு ஒரு வருஷம் கல்லக்கா போடுன்னு ஒரே வார்த்த. வேணும்னே சொல்லாம வந்தேன். பசங்க வயிறு அன்னிக்கி எனக்கு ஞாபகம் வரல. அது எம்மேல நிக்குது."

பச்சையப்பன் பையிலிருந்த தேங்காயை எடுத்துச் சட்னிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி ருக்மணியிடம் கொடுத்தான். கற்பூரம் பையிலேயே கிடந்தது. துணி முடிச்சை எடுத்துத் தம்பி பக்கம் நகர்த்தினான். தணிகாசலம் அதைத் தொட்டுப் பார்த்தான், உள்ளே உருளும் மணிகளை விரலால் தேய்த்தான், பிறகு திருப்பி அண்ணன் பக்கமே நகர்த்தினான்.

"இங்க எதுக்கு? வரப்புல வாங்கிக்கிறேன். உகாதிக்கு வரேன். முறைப்படி பாத்தா இது உன் வருஷம், பரவால்ல, அஞ்சு வருஷம் நீ பாத்துட்ட. இந்த வருஷம் நா கல்லக்கா போடறேன். அடுத்த வருஷம் உன் கையப் பாரு."

வந்திருப்பான். மாசி கடைசியில் குடிபாலா எஸ்.டி.டி. பூத்துக்கு ருக்மணியிடமிருந்து போன் வந்தது. உகாதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

காரியமெல்லாம் திருப்பதியிலேயே முடிந்தது. திரும்பி வந்த மறுநாள் காலையில் பச்சையப்பன் சுவர் முன் நின்றான். பத்து விளைச்சலின் கோடுகளை அவன் தினமும் பார்த்திருக்கிறான். வெறும் இடங்களைப் பார்த்ததில்லை. இப்போது அவைதான் கண்ணில் பட்டன. ஒரு சாண் வெறுமை, பன்னிரண்டு கோடு. ஒரு சாண் வெறுமை, பதினொன்று. வெறுமை, பதின்மூன்று. தொண்ணூற்று நாலுக்குப் பிறகு வெறும் இடமே இல்லை, கோடுகளும் அதற்கேற்பக் குறைந்துகொண்டே போய் மூன்றில் நின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரிகிற எழுத்து. அத்தனை நாளும் அவன் படுத்து எழுந்த பாய்க்கு நேரே இருந்தது.

சாவியை எடுத்துக்கொண்டு தம்பி பக்கத்தைத் திறந்தான். ஒட்டடைக்குப் பின்னால் அதே சுவரில் தணிகாசலத்தின் கோடுகள், அதே காவி. ஆறு, வெறுமை, ஐந்து, வெறுமை. அண்ணன் விட்ட இடமெல்லாம் அங்கே கோடு. அங்கே விட்ட இடமெல்லாம் இங்கே கோடு.

ஆடியில் கடலை விதைத்தான். முதல் பிடியை விடும்போது கிழக்கே பார்க்கவில்லை, மேற்கு வரப்பில் அந்த நாலு சால் கிடந்த இடத்தைப் பார்த்து விட்டான். கமலம்மா பின்னாலேயே விதை போட்டுக்கொண்டு வந்தாள். ஐந்து மூட்டைக் காய் வந்தது. விற்ற பணத்தை மணியார்டரில் ருக்மணிக்கு அனுப்பினார்கள். ஐந்து கோட்டைப் பச்சையப்பன் மறுபக்கத்தில் போய் இழுத்தான். தன் பக்கத்தில் ஒரு சாண் விட்டான். அடுத்த ஆடியில் கேழ்வரகு. பயிர் எழுந்து வந்த நிறத்தைப் பார்த்ததும் கமலம்மா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். சுடுமல்லி ஒன்றிரண்டுதான் தலை காட்டியது. கதிர் கை விரல்களை மடக்கினாற்போல் கனத்து வளைந்தது. ரோட்டில் பரப்பி, லாரிக்காரர்களிடம் திட்டு வாங்கி, தூற்றித் தைத்தபோது பன்னிரண்டு மூட்டை. சாக்கு வாயைப் பிடிக்க ஆள் இல்லாமல் பச்சையப்பன் ஒரு பக்கத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு கொட்டினான்.

சின்னசாமி வெற்றிலை பாக்கோடு வந்து பார்த்தான். கை திரும்பிவிட்டது, வர ஆடிக்கு நம் நிலத்துக்கு வந்துவிட வேண்டும் என்றான்.

"எங்கையில ஒண்ணும் இல்ல சின்னசாமி," என்றான் பச்சையப்பன். "இந்த வருஷம் உன் நெலத்துல இன்னா போட்ட? கேவுருதான? வர ஆடிக்கு கல்லக்கா போடு. அந்த வெத்தலையில சுண்ணாம்பு தடவி நீயே போட்டுக்க."

ஆறு மூட்டையை லாரியில் ஏற்றிக்கொண்டு திருப்பதிக்குப் போனான். ருக்மணி லாட்ஜில் துணி துவைக்கப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள், விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. வாசலில் மூட்டைகளைப் பார்த்தாள். உட்காரச் சொன்னாள், சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள். அவன் சாப்பிட்டு முடித்த பிறகுதான் மூட்டைப் பேச்சை எடுத்தாள்.

"திரும்பி எடுத்துனு போங்க மாமா. நா யாருக்குக் களி கிண்டப் போறேன்?"

"உனக்குத்தான்மா. அவன் பங்கு இது. பாதி அவனுது."

"ஆறு மூட்டைல தீந்துடுமா அவுர் பங்கு?"

அவன் பையிலிருந்து துணி முடிச்சை எடுத்து வைத்தான். மூட்டை வேண்டாமென்றால் போகட்டும், இந்த ஒரு படியையாவது வாங்கிக்கொள் என்றான்.

"அவுரு ரெண்டு தரம் வாங்கல. அவுரு வாங்காதத நா எப்படி வாங்கறது?" என்றாள். பிறகு, எழுந்து தட்டை எடுத்துக்கொண்டே, "கல்லக்கா வருஷத்த மட்டும் வுட்டுடாதீங்க மாமா. அது அவுருது," என்றாள்.

மூட்டைகள் திரும்பின. போகும்போது கொடுத்த லாரி வாடகையே திரும்பும்போதும் ஆயிற்று.

மறுநாள் பச்சையப்பனும் கமலம்மாவும் சுவர் முன் உட்கார்ந்து, கோட்டுக்கு ஒரு புளியங்கொட்டையாக வைத்து எண்ணினார்கள். தம்பி கடலை போட்ட மண்ணில் அண்ணனுக்குக் கிடைத்த ஐந்து விளைச்சல் ஒரு குவியல். தம்பி போன பிறகு அண்ணன் கை தனியாக விளைத்த ஐந்து விளைச்சல் இன்னொரு குவியல். பெரிய குவியலிலிருந்து சின்னதைக் கழிக்கக் கமலம்மா கொட்டைகளை ஜோடி ஜோடியாக ஒதுக்கிக்கொண்டே வந்தாள். ஜோடி கிடைக்காமல் மிஞ்சியதை இருவரும் இரண்டு தடவை எண்ணினார்கள். பச்சையப்பன் காவியைக் குழைத்துக்கொண்டு மறுபக்கம் போய், தம்பியின் கோடுகளுக்குக் கீழே மிஞ்சிய அத்தனையையும் இழுத்தான்.

தம்பி வருஷங்கள் இருந்தபோது, ஐந்து விளைச்சலில்: ஐம்பத்தொன்பது மூட்டை.

இல்லாதபோது, ஐந்து விளைச்சலில்: இருபத்தொன்பது மூட்டை.

தம்பிக்குச் சேர வேண்டியது: முப்பது மூட்டை.

கொடுத்தது: நாலு படி.

ஐந்தாவது படி உறியில் இருக்கிறது.